பராமரிக்கப்படும் மலைக்காட்டில் தாவர இனங்கள் கூடுதலாகத் தென்படுவது ஏன்?

கேள்வி கேட்ட மாணவர் பழனி மலையின் மேற்பகுதியில், கொடைக்கானலைச் சுற்றி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் சதுரங்கள் அமைத்துத் தாவரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார். பாதிச் சதுரங்கள், மலை மடிப்புகளில் இயற்கையாக வளர்ந்த பசுமைமாறாச் சோலைக்காட்டில்; மீதிப் பாதி, முன்பு நட்டு வளர்க்கப்பட்டு, அவ்வப்போது நெருக்கம் குறைய இடைவெட்டு நடந்துவரும் சீகை (ஆஸ்திரேலிய வாட்டில் மரம்), தைலமரத் தோப்புகளில். எண்ணி முடித்தபோது, ஒரு சதுரத்துக்குச் சராசரியாகத் தோப்பில்தான் இனங்கள் அதிகம் என்று வந்திருக்கிறது. இயற்கைக் காட்டைவிடப் பராமரிக்கப்படும் காடே தாவர வளம் மிக்கது என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எண்ணிக்கை சரியா என்பது ஒன்று. அந்த எண்ணிக்கை, அவர் சொல்ல நினைப்பதைச் சொல்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் விடை, பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பது. இரண்டாவதற்கு, இல்லை என்பது. தாவரவியல் படித்துவிட்டு மேல்மலைகளில் பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில், இரண்டுக்கும் காரணம் சொல்ல முயல்கிறேன்.

எண்ணிக்கையில் பிழை இருக்குமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இதே முடிவு வேறு மலைநாடுகளிலும் வந்திருக்கிறது. ஐரோப்பியக் காடுகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. எல்லா உயிர்களையும் சேர்த்துப் பார்த்தால் மனிதக் கை படாத காட்டில் இனங்கள் சற்றே கூடுதல் என்றும், ஆனால் பூக்கும் தாவரங்களையும் பெரணிகளையும் உள்ளடக்கிய கடத்துத்திசுத் தாவரங்கள் மட்டும் வெட்டிப் பராமரிக்கும் காட்டில்தான் கூடுதல் என்றும் அது கண்டது. பாசிச்செடிகள், லைக்கன்கள், பூஞ்சைகள், உளுத்த மரத்தை நம்பி வாழும் வண்டுகள் ஆகியவை தாவரங்களுக்கு நேர்மாறாகப் பராமரிப்பால் குறைந்திருந்தன. காரணம் வெளிச்சம். முதிர்ந்த பீச் மரக்காடாக இருந்தாலும் நம் சோலையாக இருந்தாலும், மரமுடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரைபோல் மூடிய காட்டின் தரைக்குச் சூரிய ஒளியின் மிகச் சிறு பங்கே வந்து சேர்கிறது. அந்த இருட்டில் முளைத்து, பொறுத்து, வளரத் தெரிந்த செடிகள் குறைவு. ஒரு மரத்தை வெட்டினால், ஒரு பாதை போட்டால், ஒரு மாட்டுத்தடம் விழுந்தால், அந்தத் துண்டு நிலத்தில் வெயில் விழுகிறது. புல், பூண்டு, கொடி என்று வெளியில் காத்திருந்தவை எல்லாம் உள்ளே வருகின்றன. சதுரத்தில் பெயர்கள் கூடுகின்றன. காட்டிலிருந்து எதுவும் போகாமலேயே பெயர்கள் கூடலாம். போனதைவிட வந்தது அதிகம் என்பதாலும் கூடலாம். எண்ணிக்கை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

ஆகவே முதலில் பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகப் படியுங்கள். தோப்புச் சதுரங்களில் ஏஜெரட்டினா, பிராக்கன் பெரணி, சாலையோரப் புற்கள், எங்கும் பரவும் சூரியகாந்திக் குடும்பப் பூண்டுகள் என்று ஒரு கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இவற்றுள் பிராக்கன் உலகின் பெரும்பாலான கண்டங்களில் வளர்வது. ஏஜெரட்டினா மெக்ஸிகோவிலிருந்து வந்து நீலகிரியிலும் பழனியிலும் ஓடைக்கரைகளையும் சாலையோரங்களையும் பிடித்துக்கொண்டது. சோலைச் சதுரங்களில் காட்டுச் செண்பகம், காட்டு இலவங்கம், லிட்சியா இனங்கள், நாவல் பேரினத்தைச் சேர்ந்த மலை இனங்கள், சிம்ப்ளாகோஸ், ஐலெக்ஸ், அடிமட்டத்தில் குறிஞ்சிப் பேரினச் செடிகள், ஓரங்களில் காட்டுப்பூவரசு என்று இருக்கும். இவற்றில் கணிசமானவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. சில, இம்மலைத்தொடரிலும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மட்டுமே வளர்பவை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் கொண்ட இம்மலைத்தொடர் 2012-இல் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டதற்கு இத்தகைய ஓரிடவாழ் இனங்கள் முக்கியமான காரணம். ஒரு சதுரத்தில் பத்துச் சாலையோரப் பூண்டுகள் கூடி மூன்று சோலை மரங்கள் குறைந்தால், கணக்கில் ஏழு இனங்கள் லாபம். அந்தப் பத்தும் கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலும் கிடைக்கும். அந்த மூன்றும் கிடைக்காது. இனங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யும்போது நாம் இந்த இரு வகையையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பதே எனக்கு உள்ள முதன்மையான மறுப்பு.

பெயர்களின் எண்ணிக்கை சொல்லாத இன்னொன்று, அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது. இரண்டு காடுகளில் தலா நூறு மரங்கள், தலா பத்து இனங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஒவ்வொரு இனமும் பத்துப் பத்து மரம். மற்றதில் ஒரே இனம் தொண்ணூற்றொன்று, மீதி ஒன்பதும் ஒவ்வொரு மரம். இனக் கணக்கில் இரண்டும் சமம். இனங்களின் எண்ணிக்கையையும் அவை கலந்திருக்கும் விகிதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் ஷானன் குறியீட்டைக் கணக்கிட்டு, மார்க் ஹில் 1973-இல் காட்டிய முறைப்படி அதைச் சமமான இனங்களின் எண்ணிக்கையாக மாற்றினால், முதல் காட்டுக்குப் பத்து வரும். இரண்டாவதற்கு ஒன்றரைக்குச் சற்றே கூடுதலாக வரும். அதாவது, உள்ளே நடப்பவருக்கு அது ஏறத்தாழ ஒற்றை மரக் காடுதான். உங்கள் தோப்புச் சதுரங்களில் மரங்களை மட்டும் தனியாக எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீகையும் தைலமரமும் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது உடனே வெளிப்படும். ஷானன் குறியீட்டை மட்டும் தசமப் புள்ளிகளோடு அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடும் ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை யாராலும் மனத்தில் உருவகித்துப் பார்க்க முடியாது என்பதால் இப்படி மாற்றிச் சொல்வதை வலியுறுத்துகிறேன்.

சதுரத்தை விட்டு வெளியே வந்தால் படம் மேலும் மாறுகிறது. ஒரு சதுரத்துக்குள் எத்தனை இனம் என்பது ஒரு கேள்வி. ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எத்தனை இனம் மாறுகிறது என்பது வேறு கேள்வி. மலை முழுவதற்கும் கூட்டினால் எத்தனை என்பது மூன்றாவது. சோலைகள் பள்ளத்தாக்கின் மடிப்புகளில் தனித்தனித் தீவுகளாக இருப்பவை. ஒன்றுக்கும் மற்றதற்கும் உயரம், மழை முகம், நீரோட்டம், பனி தங்கும் நேரம் எல்லாம் வேறுபடுவதால், அடுத்த சோலைக்குள் நுழையும்போது பட்டியலில் புதுப் பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வடக்கே நீலகிரிக்குப் போனால் இன்னும் சில மாறும். தோப்புகளில் அப்படியில்லை. வெயிலை நாடி வரும் அதே பூண்டுகள்தாம் பூம்பாறை வழியிலும் இருக்கும், ஊட்டியிலும் இருக்கும். ஆகவே சதுரம் சதுரமாகத் தோப்பு வென்றாலும், எல்லாச் சதுரங்களையும் கூட்டிய பட்டியலில் சோலை முந்திவிடுவது நடக்கக்கூடியது. உங்கள் தரவிலேயே இதைச் சோதிக்கலாம்: சதுரங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க மொத்த இனங்கள் எப்படி ஏறுகின்றன என்று இரு வகைக்கும் தனித்தனி வளைவு வரையுங்கள். தோப்பின் வளைவு முதலில் வேகமாக ஏறிப் பிறகு படுத்துவிடும், சோலையின் வளைவு மெல்ல ஏறினாலும் ஏறிக்கொண்டே போகும் என்பது என் எதிர்பார்ப்பு. உங்கள் தரவு வேறு மாதிரி சொன்னால் அதையே எழுதுங்கள்.

இனி, எனக்கு இந்தக் கேள்வியிலேயே மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். தோப்பைச் சோலையோடு ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு அன்று. பழனியிலும் நீலகிரியிலும் ஆனைமலையின் உச்சிகளிலும் சீகையும் தைலமரமும் பைனும் நடப்பட்ட இடங்களில் பெரும்பகுதி, நடுவதற்கு முன் சோலையாக இருக்கவில்லை; புல்வெளியாக இருந்தது. மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல் என்று இரண்டும் கலந்ததுதான் இம்மலைகளின் இயற்கை. புல்வெளியை மரம் அழிந்துபோன தரிசு நிலம் என்று எண்ணியதால்தான் அங்கே மரம் நடுவது திருப்பணி போலத் தோன்றியது. ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறிய சில பத்தாண்டுகளுக்குள்ளேயே விறகுக்காக ஆஸ்திரேலிய மரங்கள் வந்துவிட்டன. பிற்காலத்தில் தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகித, செயற்கை இழைக் கூழுக்காகவும் நடவு பன்மடங்கானது. ஆனால் நீலகிரியின் சதுப்பு மண் அடுக்குகளில் இருந்த கரிமத்தைப் பகுத்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட முடிவு, மனிதன் காட்டை வெட்டத் தொடங்குவதற்கு மிக முன்பிருந்தே, பல்லாயிரம் ஆண்டுகளாக, இங்கே புல்வெளிகள் இருந்திருக்கின்றன என்று காட்டியது. காலநிலை மாற மாறப் புல்லும் காடும் முன்பின்னாக நகர்ந்திருக்கின்றன. குளிர்காலத்து உறைபனி, திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளைக் கொன்றுவிடுவதும் புல் நிலைத்திருப்பதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

அந்தப் புல்வெளி தாவர வளத்தில் எந்தக் காட்டுக்கும் இளைத்ததன்று. நீலக்குறிஞ்சி பூப்பது அங்கேதான். 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்க்க மலையேறும் பலர், அது காட்டுச் செடி அன்று, புல்வெளிச் செடி என்பதைக் கவனிப்பதில்லை. நிலத்தடிக் கிழங்கிலிருந்து மழைக்கு முளைக்கும் ஆர்க்கிடுகள், பூச்சி தின்னும் பனித்துளிச் செடி, பலவகைப் புற்கள், தவிட்டுப்பழப் புதர் என்று அதன் பட்டியல் நீளும். பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களின் வழியே ஆராய்ந்தவர்கள், 1973-க்குப் பின் நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகவும், மரத்தோப்புகளும் வேளாண்மையும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டதாகவும் கண்டிருக்கிறார்கள். உங்கள் ஆய்வில் புல்வெளிச் சதுரங்களே இல்லை என்பதைக் கவனித்தேன். தோப்பு எதை நீக்கிவிட்டு வந்ததோ அதை அளக்காமல், பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் வேறொன்றோடு தோப்பை ஒப்பிடுவது, வீட்டை இடித்துக் கட்டிய கடையை அடுத்த தெருக் கோயிலோடு ஒப்பிட்டு லாபநட்டம் பார்ப்பது போன்றது. ஆய்வேட்டுக்கு நேரம் இருக்குமானால், எஞ்சியிருக்கும் புல்வெளியில் பத்துச் சதுரங்களாவது சேர்த்துவிடுங்கள். புல்வெளிக்கு ஒரு மீட்டர் சதுரமே போதும். ஆனால் அளவு வேறுபடுவதால் சராசரிகளை நேரடியாக ஒப்பிடக்கூடாது.

பராமரிக்கப்படும் காடு என்ற சொல்லையும் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து நிலங்கள் அடங்கியிருக்கின்றன. நெருக்கமாக நட்ட பைன் தோப்பில் ஊசியிலைகள் மெத்தை போல் மூடிக்கிடக்க, தரையில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இடைவெட்டு நடந்த தைலமரத் தோப்பில் பூண்டுகள் மண்டியிருக்கும். ஏலக்காட்டில் உயர்ந்த மரங்கள் இயற்கையானவையாகவே நிற்கும், ஆனால் அடியில் உள்ள கன்றுகளும் புதர்களும் ஆண்டுதோறும் அரிவாளுக்குப் போய்விடும். மரங்களை மட்டும் எண்ணினால் அது மழைக்காடு போலவே தோன்றும், கன்றுகளை எண்ணினால்தான் அந்த மரங்களுக்கு வாரிசு இல்லை என்பது தெரியும். காப்பித் தோட்டத்தில், பழைய நிழல் மரங்கள் நிற்கும் தோட்டத்துக்கும் அவற்றுக்குப் பதிலாக வரிசையாக சில்வர் ஓக் நட்ட தோட்டத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வால்பாறைப் பீடபூமியில் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளுக்குள் ரொபஸ்டா காப்பியே தானாக முளைத்துப் பரவியிருக்கிறது. இவை அத்தனையையும் ஒரே பெயரில் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண், எந்த நிலத்தையும் குறிக்காது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி உறுதியானது. ஐயத்துக்கு இடமுள்ளவையும் சில உண்டு. மரம் விழுதல், வெட்டு, புயல் போன்ற குலைவு மிதமாக இருக்கும் இடத்தில்தான் இனங்கள் உச்சத்தில் இருக்கும் என்ற கருத்தை ஜோசப் கானல் 1978-இல் வெப்பமண்டல மழைக்காடுகளையும் பவளத்திட்டுகளையும் முன்வைத்துச் சொன்னார். உங்கள் வழிகாட்டி இதைக் காரணமாகக் காட்டச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாடநூல்கள் அனைத்திலும் இருக்கும் கருத்துதான். ஆனால் பிற்காலத்தில் ஏராளமான தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் அந்த வளைவு சிறுபான்மையான ஆய்வுகளில்தான் அமைந்தது. எனவே அதை விதி போல் மேற்கோள் காட்டாமல், கூடுதல் வெளிச்சம் என்ற நேரடியான காரணத்தையே சொல்வது நல்லது. வெளிச்சத்தை நீங்களே அளக்கவும் முடியும்.

இரண்டாவது ஐயம், பழைய சீகைத் தோப்புகளுக்கு அடியில் சோலைக் கன்றுகள் முளைப்பதைப் பற்றியது. இது உண்மை, நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சீகையின் நிழல் உறைபனியைத் தடுக்கிறது. நீலகிரிக் காட்டுப்புறா முதலான பறவைகள் அருகிலுள்ள சோலையில் பழம் தின்று வந்து விதையைப் போடுகின்றன. பக்கத்தில் சோலை இருந்தால் கன்றுகள் வரும். தொலைவில் இருந்தால் அரிதாகவே வரும். இதைக் கண்டவர்களில் ஒரு சாரார், தோப்பைத் தொடாமல் விட்டால் காலப்போக்கில் சோலையாகிவிடும், வெட்டினால் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் சீகை விதைகள் ஒன்றாக முளைத்து முன்பைவிட அடர்ந்துவிடும் என்கிறார்கள். மறு சாரார், புல்வெளியாக இருந்த இடம் சோலையாவதும் இழப்புதான், ஆகவே புல்லின் விதையும் வேரும் இன்னும் எஞ்சியிருக்கும் இளந்தோப்புகளையாவது உடனே அகற்ற வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டும் இடத்துக்கு இடம் சரியாகவே படுகின்றன: சோலையை ஒட்டிய முதிர்ந்த தோப்பை விட்டுவிடலாம், புல்வெளிக்குள் அண்மையில் பரவத் தொடங்கிய சீகையைக் கையால் பிடுங்க வேண்டும். ஆனால் இது என் கணிப்பு. பிடுங்கிய இடத்தில் பழைய புல்வெளியின் முழுப் பட்டியலும் திரும்புமா என்பதற்கு, ஒரு மனிதனின் பணிக்காலத்தைவிட நீண்ட கண்காணிப்பு வேண்டும்.

மூன்றாவது, காலம் தாழ்த்தி வரும் இழப்பு. சிதறிய சோலைத் துண்டில் நிற்கும் பெரிய மரம் இன்னும் நூறாண்டு நிற்கலாம். உங்கள் பட்டியலில் அது இருக்கும். அதன் மகரந்தத்தைச் சுமக்கும் பூச்சியோ விதையைச் சுமக்கும் பறவையோ போய்விட்டிருந்தால், அந்தப் பெயர் பட்டியலில் இருப்பது பழைய கணக்கு. ஒரே முறை எடுத்த கணக்கெடுப்பால் இதைச் சொல்ல முடியாது. முதுமலையில் 1988-இல் தொடங்கி, ஐம்பது ஹெக்டேர் நிலத்தில் மரங்களுக்கு எண்ணிட்டுத் திரும்பத் திரும்ப அளந்து வருவது இதற்காகத்தான். அது இலையுதிர் காடு என்பதால் அதன் எண்களைச் சோலைக்குப் பொருத்த முடியாது என்றாலும், முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் களவேலை பற்றி மூன்று குறிப்புகள். நீங்கள் கணக்கெடுத்தது மார்ச், ஏப்ரலில். அந்த மாதங்களில் சோலைத் தரையின் காசித்தும்பை வகைகளும் நிலத்தடி ஆர்க்கிடுகளும் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். தோப்பின் களைகளோ ஆண்டு முழுவதும் நிற்பவை. ஆகவே கோடைக் கணக்கு சோலைக்குப் பாதகமானது. அக்டோபர் மழைக்குப் பிறகு அதே சதுரங்களுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அடுத்து, நீங்கள் தரையிலிருந்து எட்டியதை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். சோலையின் வளத்தில் பெரும்பங்கு கிளைகளின் மேல் இருக்கிறது: ஆர்க்கிடுகள், பெரணிகள், பாசிச்செடிகள். பட்டையை உரித்து உதிர்க்கும் தைலமரத்தில் அவை ஒட்டுவது கடினம். முழுவதையும் எண்ண முடியாவிட்டாலும், ஒவ்வொரு சதுரத்திலும் மூன்று மரங்களில் இரண்டு மீட்டர் உயரம் வரை பார்த்துப் பதிவு செய்தால் வேறுபாடு தெரியும். கடைசியாக, ஒரே தோப்புக்குள் போட்ட பன்னிரண்டு சதுரங்கள் பன்னிரண்டு தனிச் சான்றுகள் ஆகமாட்டா. புள்ளியியல் நோக்கில் அது ஒரே தோப்பு. உயரமும் சரிவின் முகமும் ஒத்த சோலை–தோப்பு இணைகளாக நான்கைந்து இடங்கள் கிடைத்தால், குறைந்த சதுரங்களிலேயே வலுவான முடிவு கிடைக்கும்.

என் அனுபவம் தமிழகத்து மேல்மலைகளோடு நிற்கிறது. இமயத்து ஓக் காடுகளுக்கும் பைன் காடுகளுக்கும் நான் சொன்ன உயிரியல் காரணங்கள் பொருந்தலாம், விவரங்கள் பொருந்தா. உங்கள் ஆய்வேட்டில் முடிவாக எழுதத்தக்க வாக்கியம் என்று நான் கருதுவது இது: இடைவெட்டு நடந்த தோப்புகளில் சதுரம் ஒன்றுக்குத் தாவர இனங்கள் கூடுதலாகப் பதிவாயின, அந்தக் கூடுதலில் அயல் இனங்களின் பங்கு இவ்வளவு, ஓரிடவாழ் இனங்களின் பங்கு இவ்வளவு. இரண்டு இடங்களிலும் எண்ணை நிரப்ப, பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரும் உறுதியாக இருக்க வேண்டும். சோலையின் குறிஞ்சிப் பேரினச் செடிகளையும் லிட்சியாக்களையும் பூவில்லாமல் பிரித்தறிவது பழகியவர்களுக்கே சிரமம். ஐயமான ஒவ்வொன்றையும் அழுத்தி உலர்த்தி, எடுத்த இடமும் நாளும் குறித்து, திருச்சியில் உள்ள ராபினாட் உலர் தாவரகத்துக்குக் கொண்டுபோங்கள். பழனி மலைத் தாவரங்களை அருட்தந்தை கே. எம். மேத்யூ பல்லாண்டுகள் சேகரித்து வைத்த மாதிரிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.